நடுக்கோடு சுலபம், ஓரம்தான் வேலை: திராட்சை ஊரில் சாலையும் பாதையும் திட்டமிடுவது எப்படி

சிவில் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வரும் நம் பிள்ளைகள் சிலருக்கு முதல் வேலை கிராமப்புறக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஒன்றில்தான் அமைகிறது. அதுவும் திராட்சை விளையும் ஊராக இருந்துவிட்டால், சீக்கிரமே மேசைக்கு ஒரு கோப்பு வரும். இரண்டு ஊருக்கு நடுவே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை வேண்டும், வழியில் ஒயின் ஆலைகள் இருக்கின்றன, கூடவே அந்தப் பக்கத்துச் சாலைகளையும் சரிபண்ண வேண்டும் என்று இருக்கும். அப்படி ஒரு கோப்பு கைக்கு வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவில். உதாரணம் எல்லாம் கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து வரும். அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். ஆபர்ன், லீசிங்காம், வாட்டர்வேல், பென்வொர்தம், செவன்ஹில், கிளேர் என்று ஒரே சாலையில் வரிசையாகச் சிற்றூர்கள். அந்தச் சாலைக்கு ஹாராக்ஸ் நெடுஞ்சாலை என்று பெயர். பென்வொர்தமை உருவாக்கிய ஜான் ஹாராக்ஸ் 1846இல் நிலம் தேடிப் போன இடத்தில், அவருடைய ஒட்டகம் அசைந்ததில் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, அந்தக் காயத்திலேயே இறந்தார். ஒட்டகத்தால் செத்தவர் பெயரில் லாரிகள் ஓடுகின்றன.

என் சொந்த ஊர் கம்பம் பக்கம். திராட்சை எனக்குப் புதிதில்லை என்ற எண்ணத்தோடுதான் இங்கே வந்தேன். ஆனால் நம் ஊரில் கொடி பந்தலில் ஏறும். ஆட்கள் பந்தலுக்குக் கீழே நின்று குலையைக் கையால் வெட்டுவார்கள். இங்கே கொடி கம்பி வேலியில் வரிசையாக நிற்கும். பெரும்பாலான தோட்டங்களில் ஓர் இயந்திரம் வரிசையின் மேல் கால் பரப்பி ஏறி, கொடியை உலுக்கிப் பழத்தை உதிர்த்துக்கொண்டு போகும். ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டரை நெருங்கும் உயரம். வரிசை முடிந்ததும் அது திரும்ப வேண்டும். அதற்கு வரிசையின் கடைசியில் எட்டு முதல் பத்து மீட்டர் வெற்றிடம் விடுவார்கள். அதன் பெயர் ஹெட்லேண்ட். வரைபடத்தில் அது சும்மா கிடக்கும் நிலம் போலத் தெரியும். 'இங்கேதான் பாதை போடலாமே' என்று புதிதாக வந்தவருடைய கை தானாக அங்கே போகும். அந்தப் பத்து மீட்டரை எடுத்துவிட்டால் அந்தத் தோட்டத்தில் இயந்திர அறுவடையே நடக்காது.

திராட்சை ஊரில் பாதையின் நடுக்கோட்டை வரைவது சுலபம். ஒரு மதியத்தில் கணினியில் முடித்துவிடலாம். பாதையும் தோட்டமும் உரசும் ஓரம்தான் திட்டம். மண், மருந்து, இயந்திரம், தூசி, களை, சண்டை எல்லாமே அந்த ஓரத்தில்தான் நடக்கும்.

முதலில் நிலத்தைத் தேடுங்கள். விலைக்கு வாங்கும் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே பொதுச் சொத்தாக இருப்பது எது என்று பாருங்கள். கிளேரில் அதிர்ஷ்டம் ரயில் வடிவில் வந்தது. 1918இல் கிளேருக்கு ரயில் வந்தது. 1983 பிப்ரவரி 16, 'ஆஷ் வெட்னஸ்டே' என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தக் காட்டுத்தீ நாளில் தடம் சேதமானது. அதன் பிறகு ரயில் திரும்பி வரவில்லை. தொண்ணூறுகளில் அந்தத் தடத்தின் மேல் ரீஸ்லிங் ட்ரெயில் என்ற நடை, சைக்கிள் பாதை உருவானது. இன்று ஆபர்னிலிருந்து கிளேரைத் தாண்டி பரினியா வரை சுமார் 35 கி.மீ. தெற்கே ஆபர்னிலிருந்து ரிவர்டன் வரை அதே பழைய தடத்தில் ராட்லர் ட்ரெயில், சுமார் 19 கி.மீ. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் அந்தக் காலத்திலேயே மலையை வெட்டியும் மண்ணைக் கொட்டியும் சரிவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் சைக்கிளில் போக முடிவதற்கு அதுதான் காரணம். மெக்லாரன் வேலில் ஷிராஸ் ட்ரெயில், பரோசாவில் நூரியூட்பா முதல் ஆங்காஸ்டன் வரையுள்ள பகுதி, இவையும் பழைய ரயில் தடங்களே.

ரயில் தடம் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. தண்டவாள ஓரத்தில் புல் முளைக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக் தெளித்தார்கள். கட்டைகளில் கிரியோசோட் என்ற மரக்காப்பு எண்ணெய் ஊறியிருக்கலாம். மண் பரிசோதனை முடியாமல் ஒரு வண்டி மண்ணைக்கூட அங்கிருந்து வெளியே அனுப்பாதீர்கள்.

ரயில் தடம் இல்லையா? போடப்படாத சாலைகளைத் தேடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலத்தை அளந்தவர்கள் ஒரு சங்கிலி அகலத்துக்கு, அதாவது சுமார் 20 மீட்டருக்கு, சாலைக்கென்று கோடு கிழித்துக்கொண்டே போனார்கள். அதில் பாதிக்கு மேல் யாரும் சாலை போடவே இல்லை என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு கிடக்கிறது. அடிலெய்டிலிருந்து பிளின்மன் வரை சுமார் 900 கி.மீ. ஓடும் மாசன் ட்ரெயில் இப்படிப்பட்ட துண்டுகளையும் காட்டு வழிகளையும் மண் சாலைகளையும் கோத்து உண்டானதுதான். சட்டப்படி அப்படிப்பட்ட துண்டு சாலையாகவே இருக்கும். நேரில் போனால் அதில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் தாத்தா காலத்தில் நட்ட திராட்சை வரிசை இரண்டு நிற்கும். 'இது கவுன்சில் நிலம்' என்று போய் நின்றீர்களானால் கதை அன்றோடு முடிந்தது. முதலில் கோப்பைப் புரட்டி, அதைப் பயன்படுத்துகிறவருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த மண் பூர்வகுடிகளான ஙாட்ஜூரி மக்களுடையது. அவர்களோடு பேசுவதைக் கோடு போட்ட பிறகு செய்யும் சடங்காக வைக்காதீர்கள். ஓடைக்கரை, வயதான சிவப்பு யூகலிப்டஸ் மரங்கள், இவற்றுக்கு அருகே பாதை போகும் என்றால் முதல் மாதமே போய்ப் பேச வேண்டும். 1988ஆம் ஆண்டின் பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டம் தனியாக இருக்கிறது. அதேபோல் 1991இன் இயற்கைத் தாவரச் சட்டம். சாலையோர மரத்தை உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. சாலையை ஒரு மீட்டர் அகலப்படுத்துவது காகிதத்தில் சின்ன வேலை, ஆனால் மரத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் ஒரு அறுவடை போய்விடும்.

அடுத்து, காலண்டர். வாகனக் கணக்கெடுப்புக்கு ரப்பர் குழாயைச் சாலையில் போட்டு ஒரு வாரம் எடுப்போம் அல்லவா, அதை ஜூலையில் எடுத்துவிட்டு வடிவமைத்தால் அது வேறு ஊருக்கான சாலை. கிளேரைச் சுற்றி கோதுமையும் விளைகிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை தானிய லாரி. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை திராட்சை. இதை வின்டேஜ் என்பார்கள். பழம் சூடாகக் கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் இரவில் அறுப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த அகலமான இயந்திரம் சாலையில் ஊர்ந்து போகும். பின்னால் பழம் ஏற்றிய லாரி. அப்புறம் ஈஸ்டர், மே மாதம் நடக்கும் உணவுத் திருவிழா, அக்டோபர் நீள வாரயிறுதி. இந்த நாட்களில் அடிலெய்டு கார்கள் வரும். ஆகவே குறைந்தது வின்டேஜில் ஒருமுறை, விடுமுறை வாரயிறுதியில் ஒருமுறை, சாதாரண வாரத்தில் ஒருமுறை என்று எண்ணுங்கள். மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். லாரியும் சைக்கிளும் ஒரே நேரத்தில் சந்திப்பதே இல்லை என்று சில சாலைகளில் தெரியவரும். அந்தச் சாலையில் தனிப் பாதை கட்டும் காசை வேறு இடத்துக்குத் திருப்பலாம்.

மக்களைச் சந்திக்கவும் அதே காலண்டர்தான். மார்ச்சில் கூட்டம் போட்டால் ஒரு விவசாயியும் வரமாட்டார். 'யாருக்கும் ஆட்சேபணை இல்லை' என்று நீங்கள் அறிக்கை எழுதுவீர்கள், மே மாதம் அத்தனை பேரும் வருவார்கள். குளிர்காலத்தில் கவாத்து நடக்கும்போது, மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். வேலை நிற்கும், அடுப்படி மேசையில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். 'சார்' என்று கூப்பிடாதீர்கள், சங்கடப்படுவார்கள். பெயர் சொல்லியே பேசலாம், எண்பது வயதுக்காரராக இருந்தாலும். எனக்கு அது பழக நாளானது.

அந்த மேசையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'உங்கள் வரிசை எந்தத் திசையில் ஓடுகிறது?' வரிசை பாதைக்குக் குறுக்கே முடிந்தால், ஓரத்தில் இருப்பது ஹெட்லேண்ட். மருந்தடிக்கும் டிராக்டர் அங்கே வந்ததும் தெளிப்பு முனையை மூடிவிட்டுத் திரும்பும். பாதைக்கு மருந்து வருவது குறைவு. வரிசை பாதைக்கு இணையாக ஓடினால், கடைசி வரிசைக்கு அடிக்கும் விசிறியின் ஒரு பக்கம் நேராகப் பாதையைப் பார்க்கும். வசந்தத்தில் தளிர் விட்டதிலிருந்து சாம்பல் நோய்க்குக் கந்தகம், அடிச்சாம்பல் நோய்க்குச் செம்பு என்று திரும்பத் திரும்ப அடிப்பார்கள். இணை வரிசை வரும் இடங்களில் பாதையை எதிர்ப்பக்கம் தள்ளுங்கள், முடியாவிட்டால் அடர்த்தியான புதர் வரிசை நடுங்கள். மருந்தடிக்கும் நேரத்தில் தொங்கவிட ஒரு பலகைக்கு ஒவ்வொரு தோட்ட எல்லையிலும் கொக்கி வைத்துக் கொடுங்கள். சின்னச் செலவு. அந்தக் கொக்கியைப் பார்த்தே பலருக்கு நம் மேல் நம்பிக்கை வந்தது.

இப்போது பைலோக்சரா. இதை நான் மற்ற எதையும்விடப் பெரிதாகச் சொல்வேன். வேரில் வாழும் ஒரு பூச்சி, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சொந்த வேரில் நிற்கும் கொடியில் ஏறினால் சில ஆண்டுகளில் கொடி செத்துவிடும். மருந்து கிடையாது. எதிர்ப்புள்ள அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டி மறுபடி நடுவதுதான் ஒரே வழி. ஆஸ்திரேலியாவில் முதலில் 1877இல் விக்டோரியாவின் ஜீலாங் பக்கம் கண்டார்கள். விக்டோரியாவில் யாரா பள்ளத்தாக்கு உட்படச் சில வட்டாரங்கள் இன்றும் பூச்சி தாக்கிய பகுதிகள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இதுவரை வரவில்லை. 1899இலேயே இதற்குச் சட்டம் போட்டுக் காவல் காத்து வருகிறார்கள். பரோசாவில் 1840களில் நட்ட கொடி இன்றும் காய்க்கிறது என்றால் அதனால்தான்.

இந்தப் பூச்சி பயணம் செய்வது ஒட்டிய மண்ணில். செருப்பு, டயர், மண்வெட்டி. அப்படியென்றால் ஊர் ஊராகச் சுற்றும் சுற்றுலாக்காரரைத் தோட்டத்தின் நடுவே நடத்திக்கொண்டு போகும் பாதை என்ன செய்யும் என்று யோசியுங்கள். பாதைக்கும் முதல் கொடிக்கும் நடுவே வேலி வேண்டும். முள்கம்பி தேவையில்லை, 'இதற்கு மேல் வேண்டாம்' என்று கால் நிற்கிற மாதிரி ஒரு கோடு போதும். புகைப்படம் எடுக்கத்தான் எல்லோரும் வரிசைக்குள் இறங்குகிறார்கள். அதனால் நல்ல காட்சி தெரியும் இடத்தில் நீங்களே ஒரு மேடை கட்டி, கொடிக்கு மேலாகப் பார்க்கும் உயரத்தில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் ஆலையின் சுவைக்கூடத்துக்குப் போகும் கிளைப்பாதை கார் நிறுத்தம் வழியாகப் போகட்டும், வரிசை வழியாக வேண்டாம்.

நம் ஆட்களும் இதில் சேர்த்திதான். சர்வேயர், மண் துளையிடும் வண்டி, ஒப்பந்தக்காரரின் பேக்ஹோ, இவை போன வாரம் எந்த மாநிலத்தில் வேலை பார்த்தன என்று கேளுங்கள். பூட்ஸையும் கருவிகளையும் மண் போகக் கழுவி, இரண்டு சதவீத குளோரின் கரைசலில் 60 விநாடி வைக்க வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. ஒப்பந்தப் பத்திரத்திலேயே இதை எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் நடக்காது.

அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆஸ்ட்ரோட்ஸ் என்ற சாலைத்துறை அமைப்பின் கையேட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போகும் பாதை 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. சுற்றுலாப் பாதையென்றால் மூன்று, மூன்றரைக்குப் போங்கள், ஏனென்றால் ஒயின் குடித்தவர்கள் நேர்கோட்டில் ஓட்டுவதில்லை. (போதையில் சைக்கிள் ஓட்டுவதும் இங்கே குற்றம்தான், ஆனால் வடிவமைப்பு சட்டத்தை நம்பி இருக்கக் கூடாது.) தலைக்கு மேல் 2.5 மீட்டர் காலி. மேற்பரப்புக்கு நுண்ணிய டோலமைட் கல்தூளை ஈரம் வைத்து ரோலர் போட்டால் போதும். தார் தேவைப்படுவது சரிவிலும், சாலையைக் கடக்கும் இடத்தின் இரு பக்கத்திலும்தான்.

கடக்கும் இடத்தில்தான் உயிர் போகும், அங்கே கணக்குப் போடுங்கள். இரு வழிச் சாலை, ஓரத்தையும் சேர்த்து ஒன்பது மீட்டர் என்று வையுங்கள். ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் ஏழரை விநாடி. இருபுறமும் பார்த்து முடிவெடுக்க மூன்று விநாடி. மொத்தம் பத்தரை. 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் விநாடிக்கு ஏறக்குறைய 27.8 மீட்டர் ஓடும். ஆக 292 மீட்டர் தூரத்துக்குச் சாலை தெரிய வேண்டும். கிளேரின் மேடு பள்ளத்தில் அவ்வளவு தூரம் தெரியும் இடம் அபூர்வம். நடுவில் ஒரு தீவு கட்டி, பாதி பாதியாகக் கடக்க வைத்தால் தேவை சுமார் 190 மீட்டராகக் குறையும். தீவு கட்டாமல் வேகத்தை 80 ஆக்கினால் 233 மீட்டர். இந்த மூன்று எண்ணையும் எடுத்துக்கொண்டு தளத்தில் போய் நின்று பாருங்கள். பழைய ரயில் கடந்த இடத்திலேயே பாதையும் கடக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஐம்பது மீட்டர் தள்ளினால் மேட்டின் உச்சி கிடைக்கலாம், இரு பக்கமும் தெரியும்.

ஆலை வாசல்களையும் இதே கண்ணோடு பாருங்கள். இரண்டு இணைப்பு வண்டிகளை இழுக்கும் பி-டபுள் லாரி 26 மீட்டர் வரை நீளம். எடைமேடைக்கு வரிசையில் நிற்கும் லாரியின் வால் பாதையை மறித்து நின்றால், சைக்கிள்காரர் அதைச் சுற்றி நெடுஞ்சாலைக்குள் இறங்குவார். வாசல் கதவைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். புதிய ஆலைக்கான திட்ட அனுமதி வரும்போதே கேட்டுவிட்டால் ஆலைக்காரர் செலவில் முடியும், பிறகு என்றால் கவுன்சில் செலவு.

மண் சாலைகளில் எதற்குத் தார் போடுவது என்ற கேள்வி எப்போதும் வரும். போக்குவரத்து எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். இலையில் படியும் தூசியில் சிலந்திப்பேன் பெருகும், இலை வேலை செய்யாது. காற்று வீசும் திசையில் கொடி இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள். அங்கே அரை கிலோமீட்டர் தார், ஆளில்லாத இடத்தில் போடும் மூன்று கிலோமீட்டரைவிடப் பயன்.

பாதை முனைகளில் சைக்கிளை மறிக்கும் வளைவுக் கம்பிகளை நெருக்கமாக வைக்காதீர்கள். குழந்தை வண்டி இழுப்பவர், மூன்று சக்கரக்காரர் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு பூட்டுக் கதவு இருக்கட்டும், சாவி தீயணைப்புப் படையிடமும் இருக்க வேண்டும். இது தீயால் மூடிய ரயில் தடம் என்பதை மறக்க வேண்டாம். கோடையில் தீயணைப்பு வண்டி நுழைய அதுவே வழியாகலாம். கழிப்பறை, தண்ணீர், நிழல், கார் நிறுத்தம் நான்கையும் ஊருக்குள் வையுங்கள். ஆபர்னின் பழைய ரயில் நிலையம் இன்று மவுன்ட் ஹாராக்ஸ் ஒயின்காரர்களின் சுவைக்கூடமாக இருக்கிறது. பாதையின் தொடக்கம் அதுவே என்பதால் வருகிறவர் காரை ஊரில் நிறுத்துகிறார், ஊரில் சாப்பிடுகிறார்.

நில உரிமையாளரோடு போடும் ஒப்பந்தத்தில், யாராவது விழுந்தால் கவுன்சில் காப்பீடுதான் பொறுப்பு என்று தெளிவாக இருக்கட்டும். இரண்டாவது வரி இன்னும் முக்கியம்: இது வேலை நடக்கும் விவசாய நிலம். பழுக்கும் காலத்தில் பறவை விரட்டும் எரிவாயுத் துப்பாக்கி வெடிக்கும், வசந்த இரவில் உறைபனிக்கு விசிறி ஓடும், விடியுமுன் டிராக்டர் வரும். இதைப் பலகையிலும் எழுதுங்கள். பாதை வந்த பிறகு முதல் புகார் 'துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது' என்றுதான் வரும்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் திறப்பு விழா வைக்காதீர்கள். ரீஸ்லிங் ட்ரெயிலில் தன்னார்வலர்கள் நிறையச் செய்கிறார்கள், அதை நம்பி வரவு செலவைக் குறைப்பது நியாயமில்லை. மழைக்காலத்துக்கு முன் சிறுபாலங்களைத் தூர்வார வேண்டும். கோடையில் பாம்பு வெயில் காய வரும், ஓரப் புல்லைக் குட்டையாக வைக்க வேண்டும். அப்புறம் நெருஞ்சி. ஆமாம், நம் ஊர் நெருஞ்சி முள்ளேதான், இங்கே கால்ட்ராப் என்பார்கள், அறிவிக்கப்பட்ட களை. சைக்கிள் டயரில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். காய் முற்றுமுன் பிடுங்க வேண்டும்.

பிடுங்கச் சோம்பல்பட்டு ஓரக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்க ஆள் அனுப்பிவிடாதீர்கள். திராட்சைக்கு அது விஷம். காற்றில் கொஞ்சம் போனாலே இலை விசிறி போலச் சுருங்கும், பூ உதிரும், அந்த ஆண்டு மகசூல் போச்சு. களைக்கொல்லிப் பட்டியலைக் கவுன்சில் கிடங்கில் போய் நீங்களே ஒருமுறை பாருங்கள். சாலையோரம் அடிப்பவர் வேறு துறை, அவருக்கு உங்கள் திட்டம் தெரிந்திருக்காது. திராட்சை ஓரமாகப் போகும் சாலைகளை வரைபடத்தில் சிவப்பில் குறித்து, அந்த வண்டி ஓட்டுநர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.